எண்ணெய் தேய்த்தல்: ஒரு தொடரும் அதனுள் அடங்கிய இரு செயல்களும்

உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட மகப்பேற்றுக்குப் பிந்திய பராமரிப்புப் பரிந்துரைகளுள் இரண்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர்களால் தனிக் கவனத்துடன் நோக்கத்தக்கன. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தையின் தோலுக்கு, தோல் நோய்களைத் தடுக்கும் பொருட்டு, எண்ணெய் முதலிய நெய்ப்புப் பொருள்களை வழக்கமாகப் பூசுதல் பரிந்துரைக்கப்படவில்லை என்பது ஒன்று. அதே குழந்தைக்கு உடல் முழுவதையும் இதமாக நீவிவிடுதலைக் கருதிப் பார்க்கலாம், வளர்ச்சிக்கு அது பயன்படக்கூடும் என்பது மற்றொன்று. மூலமொழியில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணவில்லை. ஒன்று பொருளைப் பற்றியது, மற்றது செயலைப் பற்றியது. ஆனால் அன்றாடத் தமிழில் இவற்றைச் சொல்ல முற்படுவோர் முதலாவதைக் 'குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டியதில்லை' என்றும், இரண்டாவதைக் 'குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம்' என்றும் எழுதிவிடுவது மிக எளிது. அவ்வாறு எழுதுவது மொழியறிவுக் குறையால் நேர்வதன்று. தமிழ் வழக்கு இவ்விரண்டையும் ஒரே தொடருள் பிணைத்து வைத்துள்ளது என்பதே காரணம். கைப்பிரதியைப் படிக்கும் தாய்க்கோ, செய்யாதே என்றும் செய்யலாம் என்றும் ஒரே மூச்சில் கூறும் அறிவுரை கிடைக்கின்றது. அவள் இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தன் வீட்டு முதியவள் சொல்வதைக் கேட்பாளாயின் அவளைக் குறைகூற இயலாது.

அப்பிணைப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பச்சிளங் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்ப்பதன் விளைவுகள் குறித்து நிகழ்ந்த ஆய்வுகள் சில இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன. எனினும் மருத்துவ முடிவு கூறுவது நம் பணியன்று. அவ்வாய்வுகளைத் தமிழில் எடுத்துரைக்கும்போது மொழி எங்கே துணைநிற்கின்றது, எங்கே வழி திருப்புகின்றது என்பதே வினா. மைசூர் போன்று கன்னடமும் தமிழும் அருகருகே வழங்கும் ஊர்களில் இவ்வினா ஒப்பியல் நோக்கிலும் பயன் தருவதாகும்.

1. தொடரின் இலக்கணம்

'தேய்' என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வழங்குவது. 'நிலவு தேய்கிறது', 'செருப்புத் தேய்ந்தது' என்பன தன்வினை. 'பாத்திரம் தேய்க்கிறாள்', 'துணி தேய்க்கிறான்' என்பன பிறவினை. உராய்வும் அதனால் ஏற்படும் குறைவும் அடிப்பொருளாக நிற்கின்றன. குழந்தையின் உடலைச் சார்ந்து வரும்போது இவ்வடிப்பொருள் வியப்பான முறையில் இரண்டாகப் பிரிகின்றது. 'பிள்ளை தேய்ந்துகொண்டே போகிறது' என்றால் மெலிவு நோய். 'நாள் தவறாமல் தேய்த்துவிட்டால் பிள்ளை தேறிவிடும்' என்றால் ஊட்டம். வளர்ச்சியின் இரு எதிர் முனைகளையும் ஒரே வேர்ச்சொல் தொட்டு நிற்கின்றது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனினும் முதன்மையானது வேற்றுமை அமைப்பு. 'தாய் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தாள்' என்னும் தொடரில் செயப்படுபொருள் எண்ணெயே. குழந்தை நான்காம் வேற்றுமை ஏற்று, பெறுவோர் நிலையில் நிற்கின்றது. 'குழந்தையை எண்ணெயால் தேய்த்தாள்' என்பது இலக்கணத்திற்கு மாறானதன்று எனினும் பாத்திரம் துலக்கும் காட்சியையே மனத்தில் எழுப்பும். ஆங்கிலத்தின் 'மசாஜ்' என்னும் வினைக்குக் குழந்தையே நேரடிச் செயப்படுபொருள். எண்ணெய் அங்குக் கருவி. முன்னிடைச் சொல்லோடு சேர்ந்து வரும். வேண்டாவிடின் அதனை விட்டுவிடலாம். தமிழ்த் தொடரில் எண்ணெயை விட்டுவிட்டால் வினைக்குப் பற்றுக்கோடு இல்லாமற் போகின்றது. 'குழந்தைக்குத் தேய்த்தாள்' என்று மட்டும் சொன்னாலும் கேட்போர் எண்ணெயை வருவித்தே பொருள் கொள்வர். ஆகவே எண்ணெய் இன்றி நீவுதல், நீவாமல் எண்ணெய் பூசுதல் என்னும் இரண்டுமே இத்தொடருக்குள் அடங்குவனவல்ல. ஆய்வாளர் பிரித்து அளக்க விரும்புவன இவ்விரண்டுமே என்பதுதான் இடர்ப்பாடு.

இந்தியில் நிலைமை வேறு. பாரசீக வழிவந்த 'மாலிஷ்' அம்மொழியில் பெயர்ச்சொல்; குழந்தை அதனோடு ஆறாம் வேற்றுமை உறவு கொள்ளும்; எண்ணெய் தனி அடையாக முன்னால் சேரும். எனவே எண்ணெயில்லா மாலிஷ் என்று சொல்ல இந்திக்குத் தடையில்லை. கன்னடத்தில் 'மகுவிகெ எண்ணெ ஹச்சு' என்னும் வழக்கு தமிழை ஒத்தே நான்காம் வேற்றுமை கொண்டு அமைகின்றது. ஆயினும் கன்னடம் 'மாலீஷு' என்னும் கடன்சொல்லையும் ஏற்றுக்கொண்டதால் அதற்கு இரண்டாவது வாயில் ஒன்று திறந்திருக்கின்றது. தமிழில் அவ்விடத்தை 'மசாஜ்' நிரப்ப வருகின்றது. நகர்ப்புற வழக்கில் அச்சொல் கட்டணம் பெற்று உடல் பிடித்துவிடும் நிலையங்களோடு சேர்ந்துவிட்டமையின், பிறந்து பத்து நாளான குழந்தையின் முன்னால் அதனை வைக்கப் பலர் கூசுகின்றனர். கூச்சம் நியாயமானதே.

இத்தொடரோடு ஒட்டும் துணைவினையும் கருதத்தக்கது. 'விடு' என்பது முற்றுப்பொருள் தரும் துணைவினை என்றே இலக்கண நூல்களில் பெரிதும் விளக்கப்படும். ஆனால் 'தேய்த்துவிடு', 'நீவிவிடு', 'தலை பின்னிவிடு', 'ஊட்டிவிடு', 'பொட்டு வைத்துவிடு' ஆகியவற்றில் அது பிறர்பொருட்டுச் செய்தலைக் குறிக்கின்றது. தனக்குச் செய்துகொள்ளும் 'தேய்த்துக்கொள்', 'பின்னிக்கொள்' என்பவற்றிற்கு நேர் எதிரானது. 'எண்ணெய் தேய்த்துவிட்டாள்' என்பது 'தேய்த்து முடித்தாள்' எனவும் 'பிறருக்காகத் தேய்த்தாள்' எனவும் இருபொருள்படும். பேச்சில் சூழல் அதைத் தெளிவாக்கும். செய்முறை விளக்கத்தில் 'எண்ணெய் தேய்த்துவிட்டு நீவவும்' போன்ற தொடர் வந்தால், இரு செயல்கள் முன்பின்னாக நிகழ்வதாகவும் ஒரே செயல் இருமுறை சொல்லப்படுவதாகவும் படிக்க இடமுண்டு.

2. ஆய்வுகள் எவற்றைப் பிரித்தன

இத்துறையில் அடிக்கடி மேற்கோளாகும் ஆய்வு, அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் பிறரும் 1986இல் வெளியிட்டது. குறைமாதத்தில் பிறந்த 40 குழந்தைகளுள் பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் வீதம், 10 நாள்கள் உடலை வருடியும் கைகால்களை நீட்டி மடக்கியும் வந்தனர். அக்குழந்தைகளின் அன்றாட எடைப்பேறு மற்றவர்களினும் 47 விழுக்காடு மிகுந்திருந்தது. மருத்துவமனையில் தங்கிய காலம் 6 நாள் குறைந்தது. இங்கு எண்ணெய் ஆய்வுப்பொருளே அன்று. அவ்வாய்வின் தலைப்பில் 'மசாஜ்' என்னும் சொல்லும் இல்லை; 'தொடு-இயக்கத் தூண்டல்' எனத் தமிழாக்கத்தக்க ஒரு தொடரையே அவர்கள் ஆண்டனர். அதனை 'எண்ணெய் மசாஜ் செய்த குழந்தைகள் எடை கூடின' என்று தமிழில் சுருக்கிச் சொன்னால், ஆய்வில் இல்லாத ஒரு பொருளைத் தமிழ்த் தொடர் தானாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றது.

தில்லியில் கே. என். அகர்வாலும் பிறரும் நடத்தி 2000ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வின் அமைப்பு வேறானது. ஆறு வார வயதுடைய நிறைமாதக் குழந்தைகள் 125 பேரை ஐந்து குழுக்களாக வகுத்தனர். நான்கு குழுவினருக்கு முறையே மூலிகை எண்ணெய், எள் எண்ணெய், கடுகு எண்ணெய், பெட்ரோலிய வழி எண்ணெய் ஆகியன கொண்டு நான்கு வாரம் நீவிவிடப்பட்டது. ஐந்தாம் குழுவினருக்கு எதுவும் செய்யப்படவில்லை. எண்ணெயோடு நீவப்பட்ட குழந்தைகளிடம் எடை, நீளம், கைச்சுற்றளவு, கால்சுற்றளவு ஆகியன மேம்பட்டன. தொடைத் தமனியின் குருதியோட்டம் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்தது எள் எண்ணெய்க் குழுவில் மட்டுமே. நீவிய பின் தூக்கமும் மேம்பட்டது. எண்ணெய் இன்றி நீவப்பட்ட குழு இவ்வாய்வில் இல்லை என்பதைக் காண்க. ஆகவே எண்ணெய்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை இது காட்ட வல்லது. நீவுதலின் பயன் எவ்வளவு, எண்ணெயின் பயன் எவ்வளவு எனப் பிரித்துக் காட்ட வல்லதன்று. இதற்கு 'எண்ணெய் தேய்த்தல்' என்னும் தமிழ்த் தொடர் ஓரளவு சரியாகவே பொருந்துகின்றது.

மும்பையில் நடந்து 2005இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. சங்கரநாராயணனும் பிறரும் மூன்று குழுவினருக்கும் நாளொன்றுக்கு நான்கு முறை ஒரே வகையாக நீவிவிடச் செய்தனர். ஒரு குழுவிற்குத் தேங்காயெண்ணெய், மற்றதற்குப் பெட்ரோலிய வழி எண்ணெய், மூன்றாவதற்கு மாவுப்பூச்சு மட்டும். கை எல்லாருக்கும் பொது. எண்ணெய் மட்டும் வேறு. குறைமாதக் குழந்தைகளுள் தேங்காயெண்ணெய் பெற்றவர்களின் எடை மற்ற இரு குழுவினரையும் விட விரைந்து கூடியது. நரம்புசார் நடத்தையில் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவ்வாய்வைத் தமிழில் தர வேண்டுமாயின் 'மாவு தடவி நீவப்பட்ட குழந்தைகள்' என்று சொல்லியாக வேண்டும். 'எண்ணெய் தேய்க்கப்படாத குழந்தைகள்' என்று மட்டும் எழுதினால், அவர்களை யாரும் தொடவே இல்லை என்று வாசகர் கொள்வர். ஆய்வின் உயிர்நாடி அறுந்துபோகும். அதே ஆண்டில் புனேயில் நடந்த மற்றோர் ஆய்வு, தோலில் பூசப்பட்ட எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பச்சிளங் குழந்தையின் குருதியில் கலப்பதைக் காட்டியது. எண்ணெய் வெறும் வழுக்குப்பொருள் அன்று, ஒருவகை உணவும் ஆகக்கூடும் என்னும் எண்ணத்திற்கு இது இடமளிக்கின்றது.

நீவுதல் அறவே இல்லாத எண்ணெயும் உண்டு. வங்கதேசத்தின் தாக்கா நகர மருத்துவமனையில், 33 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயை மென்மையாகப் பூசி வந்ததில் மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்ததாக டார்ம்ஸ்டட்டும் பிறரும் 2005இல் லான்செட் இதழில் அறிவித்தனர். இறப்பு 26 விழுக்காடு குறைந்தமையை 2008இல் வெளியிட்டனர். முதிராத தோலுக்கு எண்ணெய் ஒரு தடுப்புச் சுவராகின்றது என்பதே இதன் கோட்பாடு. அங்கு அழுத்தித் தேய்ப்பது தீங்கு. உத்தரப்பிரதேச ஊர்ப்புறங்களில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய்ப் பூச்சால் ஒட்டுமொத்தப் பச்சிளங் குழந்தை இறப்பில் வேறுபாடு தோன்றவில்லை. 1500 கிராமும் அதற்குக் குறைவும் எடையுடைய குழந்தைகளிடையே மட்டும் இறப்பு 52 விழுக்காடு குறைந்திருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு எண்ணெய் பூசுவதைக் கருதிப் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் தனியே கூறியமை இத்தகைய சான்றுகளின் பின்னணியில் புரிந்துகொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் 'எண்ணெய் தேய்த்தல்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், 1400 கிராம் எடையுள்ள குழந்தையின் தாளினும் மெல்லிய தோலை அழுத்தித் தேய்க்கச் சொல்பவராகிவிடுகின்றார். 'பூசுதல்', 'தடவுதல்' என்னும் சொற்கள் கையருகே இருக்கின்றன. அவற்றையே ஆள வேண்டும்.

ஆய்வுகளை ஒப்புநோக்கித் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வுகள் மேலும் அடக்கமாகவே பேசுகின்றன. குறைமாதக் குழந்தைகள் பற்றி 2004இல் வந்த மதிப்பாய்வு, நாளொன்றுக்குச் சராசரி 5.1 கிராம் எடை கூடுவதைக் கண்டும், ஆய்வுகளின் தரம் பற்றி ஐயம் தெரிவித்தது. ஆறு மாதத்திற்குட்பட்ட நலமான குழந்தைகள் பற்றி 2013இல் வந்த மதிப்பாய்வு 34 ஆய்வுகளைத் தொகுத்தும் உறுதியான பரிந்துரைக்குப் போதிய சான்றில்லை என்றே முடித்தது. 'பயனில்லை' என்பது வேறு; 'பயன் உண்டு எனக் கூறச் சான்று போதாது' என்பது வேறு. தமிழ் நாளிதழ்ச் செய்திகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோகின்றது.

3. எண்ணெய்களின் பெயர்கள்

'எண்ணெய்' என்னும் சொல்லின் பிறப்பு நன்கறியப்பட்டது: எள் + நெய். ஒரு வித்தின் நெய்ப்பொருளுக்குரிய பெயர் எல்லா நெய்ப்பொருளுக்கும் பொதுவாயிற்று. அவ்வாறு பொதுவானபின் பழைய எள் நெய்க்கு ஒரு தனிப்பெயர் தேவைப்படவே, அது 'நல்லெண்ணெய்' ஆயிற்று. இவ்வளர்ச்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கின் 'நூனெ' என்பதும் நூவு (எள்) + நெய் என்னும் சேர்க்கையே. அங்கும் எள் எண்ணெய் 'மஞ்சி நூனெ', அதாவது நல்ல எண்ணெய், எனப்படுகின்றது. பழைய மைசூர்ப் பகுதிக் கன்னடத்தில் 'ஒள்ளெண்ணெ' என்னும் வழக்கும் அத்தகையதே. 'எள்ளெண்ணெய்' என்று வழங்கும்போது எள் இருமுறை வந்துவிடுகின்றது; அதனை யாரும் உணர்வதில்லை.

பொதுநடையில் இதனால் இடரில்லை. ஆய்வுமொழியிலோ இடருண்டு. ஆய்வில் பங்குகொள்ள இசைவு கேட்கும் படிவத்தில், 'உங்கள் குழந்தைக்கு நல்லெண்ணெய், கடுகெண்ணெய், கனிம எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்று தற்செயல் முறையில் தேர்ந்து தேய்க்கப்படும்' என்று எழுதினால், எந்தத் தாய் தன் குழந்தைக்கு நல்லதல்லாத எண்ணெயை விரும்புவாள்? பெயரே தீர்ப்புக் கூறிவிடுகின்றது. அகர்வாலின் ஆய்வில் எள் எண்ணெய் முந்தி நின்றதைத் தமிழ்ப்படுத்தும்போது 'நல்லெண்ணெயே நல்லது' என்னும் கூறியது கூறலாக அது ஒலிக்கும். கண்டறியப்பட்ட ஒரு செய்தி பழமொழியாகத் தாழ்ந்துவிடும். இத்தகைய இடங்களில் 'எள் எண்ணெய்' என்று பிரித்தெழுதுவதே தக்கது.

'கனிம எண்ணெய்' என்பது மற்றொரு படுகுழி. ஆங்கிலத் தொடரை உறுப்புறுப்பாகப் பெயர்த்த இக்கலைச்சொல் முறையானதே. ஆனால் 'கனிமச்சத்து', 'தாதுச்சத்து' என்பன ஊட்டப்பொருள்களாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டமையால், கனிம எண்ணெய் என்றதும் கனிமச்சத்து நிறைந்த எண்ணெய் என்றே அவர் கொள்வர். உண்மையில் அது பெட்ரோலியத்தைத் தூய்மைப்படுத்திப் பெறும் பாரஃபின் நீர்மம். குழந்தைகளுக்கென விற்கப்படும் மணமூட்டிய எண்ணெய்கள் பலவற்றின் அடிப்பொருள். 'பெட்ரோலிய வழி எண்ணெய்' என்னும் சொல் சற்று நீண்டதாயினும் பொய் சொல்லாது. இக்கட்டுரையில் அதுவே ஆளப்பட்டுள்ளது.

கடுகெண்ணெய் பற்றிய எச்சரிக்கைகளும் இடமறிந்து பெயர்க்கப்பட வேண்டுவன. வடஇந்தியாவிலும் வங்காளத்திலும் நேபாளத்திலும் குழந்தைக்கு அதுவே மரபு எண்ணெய். எலிகளின் தோலில் செய்த சோதனையில் அது தோலின் தடுப்பாற்றலைக் கெடுத்தமையை டார்ம்ஸ்டட்டின் குழுவினர் 2002இல் காட்டினர். அதனை அடியொற்றி எழுந்த பரப்புரைத் தாள்களில் 'மரபு எண்ணெயைத் தவிர்க்கவும்' என்று பொதுப்படக் கூறுவதைத் தமிழில் அப்படியே பெயர்த்தால், தமிழ்நாட்டுத் தாய் தேங்காயெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் எள் எண்ணெயையும் தவிர்க்கச் சொல்வதாகவே எண்ணுவாள். கன்னடத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர்க்கு இன்னொரு சிறு குறிப்பு: கன்னடத்தின் 'ஹுச்செள்ளு' எள்ளன்று, தமிழர் 'பேயெள்' என வழங்குவது. ஒரு மொழி அதற்குப் பித்தேற்றியது, மற்றது பேயேற்றியது. 'ஹரளெண்ணெ' என்பது ஆமணக்கெண்ணெய்.

இங்கு வடமொழியையும் ஒரு நொடி நினைக்கலாம். 'ஸ்நேஹ' என்னும் சொல் எண்ணெய்ப்பசையையும் அன்பையும் ஒருங்கே குறிக்கும். அதன் வழிவந்த 'நேயம்' என்பதற்கும் அன்பு, நெய், எண்ணெய் என்னும் பொருள்களைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தருகின்றது. நேயம் இன்று அன்பை மட்டுமே குறித்து, எண்ணெயை உதறிவிட்டது. தொடுதலுக்கு ஒரு பயன், எண்ணெய்க்கு ஒரு பயன் என்று ஆய்வாளர் இன்று வகுப்பதை நோக்கும்போது, சொல் வரலாறு அப்பிரிவினையை முன்னரே ஒருவாறு செய்துவைத்தது போலும்.

4. கையின் வினைகள்

செயலைக் குறிக்கும் சொற்களில் தமிழ் வளமுடையது. வருடுதல் தோலின் மேற்பரப்பில் நிற்பது. நீவுதல் ஒரே திசையில், ஓரளவு அழுத்தத்துடன் கையைச் செலுத்துவது. கன்னடத்திலும் 'நீவு' இதே பொருளில் உண்டு. உருவுதல் கைகால்களைப் பற்றி மேலிருந்து நுனி நோக்கி இழுத்துச் செல்வது. உறையிலிருந்து வாளை வாங்குவதற்கும் இச்சொல்லே. பிடித்துவிடுதல் தசையைப் பற்றி விடுதல். அமுக்குதல், பிசைதல் என்பன மேலும் வலியன. தடவுதலும் பூசுதலும் பொருளை நோக்கியன. கையின் அழுத்தத்தை நோக்கியன அல்ல.

இச்செல்வத்திற்கு இன்று வேலை இருக்கின்றது. ஃபீல்டின் பிற்கால ஆய்வுகளில், மிக இலேசான வருடலினும் மிதமான அழுத்தமே எடை கூட உதவுவதாகக் காணப்பட்டது. அவ்வாய்வுகள் ஒப்பிட்ட இரு நிலைகளுக்கு 'வருடுதல்', 'நீவுதல்' என்னும் இரு தமிழ் வினைகள் ஏறத்தாழ அப்படியே பொருந்துகின்றன. ஆங்கிலத்தில் ஒரே பெயர்ச்சொல்லுக்கு அடைமொழி மாற்றி எழுத வேண்டியிருந்ததைத் தமிழ் வினையிலேயே சொல்லிவிடும். ஆனால் நடைமுறையில் மொழிபெயர்ப்பாளர் பலர் 'மெதுவாக மசாஜ் செய்யவும்' என்று எழுதுகின்றனர். 'மெதுவாக' என்பது விரைவின்மையையும் மென்மையையும் ஒருங்கே குறிப்பது. நேரம் கடத்தி அழுத்தித் தேய்ப்பவரும் தாம் மெதுவாகவே செய்வதாகக் கூறலாம். 'இதமாக' என்பது இவ்விடத்திற்குப் பொருந்தும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளவோடு குறிக்கும் சொல் அது.

ஆங்கிலத்திற்கு இத்துறையில் சொற்பஞ்சம் இருந்த காலமும் உண்டு. 'மசாஜ்' பிரெஞ்சிலிருந்து அங்குச் சென்றது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் உடல் பிடித்துவிடுதலைக் குறிக்க அவர்கள் ஆண்ட சொல் 'ஷாம்பூ'. இந்தியின் 'சாம்ப்னா', அமுக்குதல், என்பதன் ஏவல் வடிவம். பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஷேக் தீன் முகமது பிரைட்டன் நகரில் ஷாம்பூ நிலையம் நடத்தி, 1822இல் அதே தலைப்பில் நூலும் எழுதினார். பின்னர் அச்சொல் தலைமுடி கழுவுதலுக்குச் சுருங்கி, அதற்குரிய நீர்மத்தின் பெயராகித் தமிழுக்குத் திரும்பி வந்தது. எண்ணெய் முழுக்கின் எண்ணெயை அகற்றச் சீயக்காய்க்கு மாற்றாக இன்று பயன்படுவது அதுவே. குழந்தையை நீவுதலும் இவ்வாறே ஒரு சுற்றுச் சென்று வந்தது. பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர் ஃபிரெடரிக் லெபோயே கல்கத்தாவில் சாந்தலா என்னும் தாய் தன் குழந்தைக்குச் செய்ததைக் கண்டு, அவள் பெயரையே தலைப்பாக்கி 1976இல் நூல் எழுதினார். அந்நூல் மேலைநாடுகளில் ஒரு பயிற்சிமுறைக்கு ஊக்கமளிக்க, அங்கிருந்து சொல்லும் கருவியும் வரையறையும் பெற்று அது நம்மிடம் 'குழந்தை மசாஜ்' என வந்து சேர்கின்றது.

ஒரு வினையை மட்டும் ஐயத்திற்கிடமின்றி விலக்கியாக வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் 'வைத்தல்' என்னும் வழக்கு தலை, உடல், தொப்புள் ஆகியவற்றோடு நில்லாது காது, மூக்கு ஆகியவற்றில் சொட்டு விடுவதையும் உள்ளடக்கும். மூக்கிலும் வாயிலும் விட்ட எண்ணெய் இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழல் வழி நுரையீரலை அடைய வல்லது. அங்கு அழற்சியை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் காணப்பட்டமை குறித்துப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1973இலேயே கட்டுரை வெளிவந்துள்ளது. 'எண்ணெய் வைக்கலாம்' என்னும் ஒரு தொடர், எழுதியவர் எண்ணாத மூக்கையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்கே பூசுவது என்பதோடு எங்கே விடக்கூடாது என்பதையும் சொல்லாத தமிழாக்கம் மூலத்திற்கு உண்மையாயிருந்தும் குழந்தைக்கு உண்மையாயிராது. இவ்விடத்தில் மூலத்தில் இல்லாத ஒரு தொடரைச் சேர்க்கும் உரிமையை மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் கருத்து.

5. வளர்ச்சியும் நடத்தையும்

மூலத்தில் இரு சொற்களாக நிற்பவற்றை நாம் 'வளர்ச்சி' என்னும் ஒன்றால் குறிப்பது பழகிப்போயிற்று. எடையும் நீளமும் கூடுவது ஒன்று. பார்த்தல், பற்றுதல், புன்னகைத்தல் போன்ற திறன்கள் தோன்றுவது மற்றொன்று. 'உடல் வளர்ச்சி', 'திறன் வளர்ச்சி' எனப் பிரித்தால் போதும். 'மேம்பாடு' என்பதை இரண்டாவதற்கு ஆள்வது சரியன்று. அச்சொல்லில் நகராட்சியின் வாடை வீசுகின்றது.

'நடத்தை' இதனினும் கடினமானது. உளவியல் தமிழில் அது நிலைபெற்ற கலைச்சொல்லே எனினும், நன்னடத்தைச் சான்றிதழும் நடத்தை கெட்டவன் என்னும் வசையும் வழங்கும் மொழியில் அதற்கு ஒழுக்கப்பொருள் நீங்கவில்லை. 'எண்ணெய் தேய்த்தால் குழந்தையின் நடத்தை சீராகும்' என்று படிப்பவர், வளர்ந்தபின் அடங்கிய பிள்ளையாவான் என்று மகிழக்கூடும். பிரேசல்டன் 1973இல் வகுத்த அளவுகோல் அளப்பது அதுவன்று. திரும்பத் திரும்ப வரும் ஒலிக்கும் ஒளிக்கும் குழந்தை பழகிக்கொள்கின்றதா, முகத்தை நோக்கித் திரும்புகின்றதா, தசை இறுக்கம் எவ்வாறு, உறக்கத்திலிருந்து விழிப்பிற்கும் அழுகைக்கும் எவ்வாறு மாறுகின்றது என்பவற்றையே அது அளக்கின்றது. 'எதிர்வினைகள்' என்னும் பன்மைச் சொல் இதற்கு நெருங்கி வருகின்றது.

இதில் நுட்பமான ஒரு வேறுபாடு மறைந்துள்ளது. 1986இல் ஆய்வுக்குட்பட்ட குழந்தைகள் கூடுதலான நேரம் விழித்து இயங்கினர் என்பது நற்பயனாக அங்குக் குறிக்கப்பட்டது. 2000இல் தில்லியில் குழந்தைகள் நீவியபின் நன்கு உறங்கினர் என்பது நற்பயனாயிற்று. வயதும் நிலையும் வேறாதலின் இவை முரண்பட்டனவாகா. ஆனால் 'நடத்தை மேம்பட்டது' என்று இரண்டையும் ஒன்றுபோல் தமிழாக்கினால் எதிரெதிரான இரு செய்திகள் ஒரே தொடருக்குள் புதைந்துவிடும். தலைக்கு ஊற்றித் துவட்டிச் சாம்பிராணிப் புகை காட்டியதும் பிள்ளை மணிக்கணக்கில் தூங்கும் என்பதே நம் வீடுகளில் எண்ணெய் தேய்ப்பதற்குச் சொல்லப்படும் முதற் காரணம். ஆகவே தமிழ் வாசகர் 'மேம்பட்டது' என்பதைத் 'தூங்கியது' என்றே நிரப்பிக்கொள்வர். விழித்திருந்தது என்றால் விழித்திருந்தது என்றே எழுதுதல் வேண்டும்.

எஞ்சியிருப்பது '-லாம்'. 'கருதிப் பார்க்கலாம்' என்பதிலுள்ள இவ்விகுதி இசைவு, இயலுமை, முன்மொழிவு, வாய்ப்பு என நான்கையும் தாங்குவது. கைப்பிரதியில் 'நீவிவிடலாம்' என்றால் பலர் 'நீவிவிடுங்கள்' என்றே கொள்வர். மரியாதையான ஏவலுக்கும் தமிழர் இதனையே ஆள்வதுண்டு. 'விரும்பினால் நீவிவிடலாம், கட்டாயமில்லை' என்று விரித்துரைப்பதே மூலத்தின் வலுவிற்கு ஒத்தது. முதலிற் சுட்டிய இரு பரிந்துரைகளையும் இம்முறையில் தருவதாயின் இவ்வாறு அமையும்: 'நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தையின் உடல் முழுவதையும், விரும்பினால், கையால் இதமாக நீவிவிடலாம்; உடல் வளர்ச்சிக்கும் திறன் வளர்ச்சிக்கும் அது பயன்படக்கூடும். தோல் நோய் வராமல் தடுப்பதற்கென்று எண்ணெயோ களிம்போ நாள்தோறும் பூச வேண்டிய தேவையில்லை. மூக்கு, காது, வாய் ஆகியவற்றில் எண்ணெய் விடக்கூடாது.' மூலத்தின் வரிசை எதுவாயினும் நீவுதலை முன்னும் எண்ணெயைப் பின்னுமாக வைத்தல் நலம். எண்ணெய் முதலில் வந்துவிட்டால், பின்வரும் 'நீவிவிடலாம்' என்னும் வினைக்கு அதுவே செயப்படுபொருளாகிவிடும்.